இருநூறு பவுண்டு பிழை

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டுடா!” என்று தொலைபேசியில் அக்கா போட்ட கூச்சலில் ரோடெல் கடித்துக்கொண்டிருந்த டோனட் மேஜையில் விழுந்தது.

“என்னக்கா பன்னெண்டு?”

“கார் எடைடா! நான் உள்ள உக்காந்து, ஹெல்மெட் போட்டு, எல்லாம் சேர்த்து. உன் அட்டவணையில ஆயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தா போதும்னுதானே போட்டிருந்தே? இன்னும் பன்னெண்டு பவுண்டு மிச்சமே இருக்கு. உன் மாமா இப்பதான் கடைசிக் கம்பியையும் அறுத்துப் போட்டாரு.”

“எந்தக் கம்பியை?”

“கதவுக்குள்ள இருக்கிற கம்பி, டேஷ்போர்டு, பக்கத்து சீட்டு, பின்கண்ணாடி... ஒண்ணு விடாம எல்லாந்தான். ஒரு மாசமா அறுக்கிறோம்! ஞாயித்துக்கிழமை பசிபிக் ஃபைனல்ல வந்து பாரு. அந்த கியெட் பய மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறான்னு பாக்கலாம்.”

அக்கா போனை வைத்துவிட்டாள். ரோடெல் விழுந்த டோனட்டை எடுத்து ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். மெல்லும்போதுதான் மனசுக்குள் ஏதோ இடறியது. பசிபிக்கா? ஆயிரத்துத் தொள்ளாயிரமா?

அமெரிக்காவில் கார்டீனா என்ற ஊரில் ஒரு டயர் கடையின் மாடியில் இயங்கும் மாதப் பத்திரிகையில் அவன் துணை ஆசிரியர். ஜப்பான் கார்களை முறுக்கேற்றிக் கால் மைல் தூரம் பறக்கவிடும் பிள்ளைகளுக்கான பத்திரிகை அது. போன இதழில் நாற்பத்திரண்டாம் பக்கம் முழுக்க அவன் கைவண்ணம். இந்தப் பந்தயங்களை நடத்தும் இரண்டு அமைப்புகளில் எது எப்படி என்று கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தான்.

ஒன்று காண்டினென்டல் கவுன்சில். பெரிய பெரிய அமெரிக்கக் கார்களை ஐம்பது வருஷமாக ஓடவிட்ட பெரிசுகள், ஹோண்டாவுக்கு இவ்வளவு கூட்டம் சேருகிறதே என்று வயிறெரிந்து திறந்த கிளைக்கடை. விதிப்புத்தகம் இருநூற்றுப் பதினாலு பக்கம். ஓட்டுகிறவரின் காலுறை எந்தத் துணியில் இருக்க வேண்டும் என்பதற்கே ஒன்றரைப் பக்கம் போயிருக்கிறது.

இன்னொன்று பசிபிக் லீக். துறைமுகத் தெருவில் ஓட்டிப் போலீசிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் புத்தி வந்து ஆரம்பித்தது. விதிகள் மொத்தம் பதினோரு பக்கம், அதுவும் ஸ்டேப்ளர் பின் குத்தியது. காண்டினென்டலில் ஜெயித்தால் சட்டம் போட்ட சான்றிதழ் தருவார்கள். பசிபிக்கில் ஜெயித்தால் லாங் பீச்சிலிருந்து சான் டியேகோ வரைக்கும் ஒரு வருஷம் அதே பேச்சாக இருக்கும். ரோடெலின் அக்கா டிவினா எதற்காகப் பசிபிக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டவணையின் கடைசி வரிசைகூட அவனே யோசித்துச் சேர்த்ததுதான். ‘விதிகளைத் திருத்துவது: காண்டினென்டல் — ஆண்டுக்கு ஒருமுறை, குழு கூடி. பசிபிக் — நினைத்த நேரத்தில், தொலைபேசியில் தெரிவிக்கப்படும்.’ அதை எழுதிவிட்டு அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. இழுப்பறையிலிருந்து பசிபிக்கின் பதினோரு பக்கத்தை எடுத்துப் புரட்டினான். குறைந்தபட்ச எடை: 2100 பவுண்டு. காண்டினென்டலின் தடிப் புத்தகத்தைப் புரட்டினான். 1900. தன் அட்டவணையைப் பார்த்தான். எடை வரிசையில் மட்டும் இரண்டு எண்ணும் கட்டம் மாறி உட்கார்ந்திருந்தன.

ரோடெலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயையோ, இருநூறு பவுண்டு! பந்தயம் ஓடி முடித்ததும் காரைத் தராசில் ஏற்றுவார்கள். ஒரு பவுண்டு குறைந்தாலும் வெளியே போ என்பார்கள். அக்காவும் கியெட்டும் இந்த வருஷம் புள்ளிக் கணக்கில் சரிசமம். ஞாயிற்றுக்கிழமை யார் முன்னால் போகிறார்களோ அவர்களுக்குத்தான் பட்டம். நாலு வருஷமாகக் கைக்கு வராத பட்டம் இந்தத் தடவையும் வராவிட்டால் பந்தயத்தையே விட்டுவிடுவதாக அவள் புருஷன் நெஸ்டரிடம் சத்தியம் பண்ணியிருந்தாள். ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒருத்தன் திங்கட்கிழமை காரை வாங்கிப்போக டிரெய்லரோடு வருவதாகப் பேச்சு.

“என்ன ரோடெல், முகம் வெளுத்துப்போச்சு?” என்று ஆசிரியர் கேட்டார்.

“டோனட் சரியில்ல சார். வயித்தைப் பிரட்டுது. ரெண்டு நாள் லீவு வேணும்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம்தான் ஒரு விளம்பரத்தில் போன் நம்பரைத் தப்பாகப் போட்டு, ஒரு ஸ்பார்க் பிளக் கம்பெனிக்கு வந்த அழைப்பெல்லாம் ஒரு பல் டாக்டருக்குப் போனது. “இன்னொரு தப்பு வந்துச்சு, நீயும் உன் பெட்டியும் கீழே டயர் கடையில இருப்பீங்க” என்று ஆசிரியர் அப்போதே சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானமே கார்சனில் அக்கா வீட்டுக்குப் போய் நின்றான். நேரில் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் போனான். கராஜ் கதவு திறந்திருந்தது. புல்தரையில் டேஷ்போர்டு, சீட்டு, கம்பி, கண்ணாடி எல்லாம் குவிந்து கிடக்க, நடுவில் அந்த மஞ்சள் ஹோண்டா சிவிக் எலும்பும் தோலுமாக நின்றது. நெஸ்டர் கையில் அறுக்கும் மெஷினோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“வா மச்சான்! உன்னாலதான் இத்தனையும். ஊர்ல ஒருத்தனுக்கும் இந்த விதி தெரியல, எங்களுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு!”

டிவினா ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் இத்தனை சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை. 

“உதவி பண்ணலாம்னு வந்தேன்க்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கேன்,” என்றான்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் போன் அடித்தது. செல்போன் எல்லாம் பெரிய மனிதர்கள் இடுப்பில் மட்டும் இருந்த தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. “நான் எடுக்கிறேன்” என்று ரோடெல் ஓடினான்.

“ஹலோ, பசிபிக் லீக் ஆபீஸ்லேர்ந்து ஒகாபே பேசறேன். டிவினா இருக்காங்களா? கார் எடை விஷயமா ஒண்ணு சொல்லணும்.”

போச்சு, கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த அம்மாள் இப்போது அக்காவிடம் சொன்னால் அக்கா கையில் இருக்கும் ஸ்பானர் நேராக அவன் மண்டைக்குத்தான் வரும்.

“பீட்சா கடைங்க இது,” என்றான்.

“அப்படியா? நம்பர் சரியாத்தானே போட்டேன்.”

“பீட்சா கடைங்கம்மா. அடுப்புல கருகுது, வைக்கிறேன்.”

“யாருடா?” என்று அக்கா கேட்டாள்.

“ராங் நம்பர்க்கா.”

பத்து நிமிஷத்தில் மறுபடியும் அடித்தது. மறுபடியும் அதே குரல்.

“மன்னிச்சுக்கோங்க, இதுவும் பீட்சா கடையா?”

“அதே கடைதாங்க. ஆனா காளான் தீர்ந்துபோச்சு,” என்று ரோடெல் படாரென்று வைத்தான். அதை ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. பதட்டத்தில் வாய் தன்பாட்டுக்குப் பேசுகிறது.

சரி, சொல்ல முடியாது. சொல்லாமலேயே சரிபண்ண முடியாதா? அவன் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கடலில் முக்குளித்து மீன் குத்துகிறவர். இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டிகள் அவரிடம் பை பையாக இருந்தன. சாயங்காலம் போய் அறுபது பவுண்டு ஈயத்தை இரவல் வாங்கி வந்தான். அக்காவும் மாமாவும் உள்ளே சாப்பிட உட்கார்ந்ததும், சிவிக்கின் பின்பக்கத் தகட்டின் உள்பொந்தில் கையை விட்டு ஒவ்வொன்றாகத் திணித்தான். மீதி நூற்று இருபத்தெட்டை நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்ப் படுத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் காரை ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனார்கள். ரோடெலுக்குக் கட்டம் போடத் தெரியும், கதை எழுதத் தெரியும். கார் ஓடுகிற சூட்சுமம் தெரியாது. சிவிக்குக்கு இழுக்கிற சக்கரம் முன்னால் இருக்கிறது. பின்னால் அறுபது பவுண்டு ஏறினால் முன்பக்கம் லேசாகித் தூக்கிக்கொள்ளும். டிவினா மிதித்தாள். முன்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே புகைவிட்டுச் சுற்றின. வழக்கத்தைவிட ஒரு வினாடி தாமதம்! ஒரு வினாடி என்பது அந்த உலகத்தில் ஒரு யுகம்.

“எஞ்சின்ல நோவு இருக்கு,” என்றாள் டிவினா. முகம் சிறுத்துப்போயிருந்தது.

“எஞ்சினைப் பிரிக்க நேரமில்ல,” என்று நெஸ்டர் யோசித்தான். “இன்னும் கொஞ்சம் எடையைக் குறைச்சா சரியாயிடும்.”

“வேணாம் மாமா!” என்று ரோடெல் அலறினான். “குறைக்காதீங்க!”

“ஏன் மச்சான்? பன்னெண்டு பவுண்டு மிச்சம் இருக்குல்ல?”

“இல்ல... அதாவது... காருக்கு வலிக்கும்.”

நெஸ்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தான். டீ நேரத்துக்கு வீடு திரும்பியதும் தராசு தேடி அலையாமல் கண்ணளவிலேயே வேலையைத் தொடங்கினான். கதவுக் கைப்பிடி, முன்பம்பருக்குள்ளிருந்த இரும்பு, மிச்சமிருந்த கண்ணாடியெல்லாம் கழன்றன. தரையில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டான். பன்னெண்டு என்று நினைத்துத் தொடங்கியதில் ஐம்பது பவுண்டு போயே போய்விட்டது. ரோடெல் அறுபது ஏற்ற, மாமா ஐம்பது இறக்க, இரண்டு நாள் பாடுபட்டதற்குக் கண்ட பலன் பத்து பவுண்டு.

நடுவில் போன் இரண்டு தடவை அடித்தது. முதல் தடவை, “இல்லைங்கம்மா, காளான் இன்னும் வரல” என்று சொல்லி வைத்தான். இரண்டாவது தடவை அந்த அம்மாள் வாய் திறக்குமுன், “சீஸும் தீர்ந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு, போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சோபாவுக்குப் பின்னால் தள்ளினான்.

சனிக்கிழமை காலையில் காரை வெளியே தள்ளும்போது வாசல் மேட்டில் ஏறி இறங்கியது. உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நெஸ்டர் குனிந்து பொந்துக்குள் கைவிட்டான். ஈயக் கட்டி ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. புல்தரையில் பத்துப் பன்னிரண்டு கட்டிகள் வரிசையாகக் கிடந்தன.

மூன்று பேரும் அந்தக் கட்டிகளையே வெறித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் வேறு காரணம்.

“கியெட்!” என்றான் நெஸ்டர். கழுத்து நரம்பு புடைத்தது. “அந்த நாய் வேலைதான் இது! நம்ம வீட்டுக்குள்ள புகுந்து... நம்ம கராஜுக்குள்ள... நான் அவனைச் சும்மா விடுவேன்னு நினைச்சியா?”

“அவனா?” டிவினா நம்பமுடியாமல் நின்றாள். “போன மாசம் நம்ம வீட்ல வந்து நூடுல்ஸ் சாப்பிட்டுப் போனானே! ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே!”

“அப்பவே இடத்தை நோட்டம் பாத்திருக்கான்!” நெஸ்டர் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான். கியெட் வீடு வெஸ்ட்மின்ஸ்டரில். அரை மணி நேரப் பயணம். போனால் திரும்பி வரும்போது போலீஸ் ஜீப்பில்தான் வருவான்.

“மாமா, நில்லுங்க!” ரோடெல் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். “கியெட் இல்ல. நான். நான்தான் வச்சேன்.”

“நீயா?” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“ரெண்டாயிரத்து நூறு,” என்றான் ரோடெல். அழுகை முட்டியது. “பசிபிக்ல ரெண்டாயிரத்து நூறு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் காண்டினென்டல்ல. கட்டம் மாத்திப் போட்டுட்டேன்க்கா.”

அக்கா கத்துவாள், அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டான். அவளோ கழற்றிப் போட்டிருந்த சீட்டின்மேல் மெதுவாக உட்கார்ந்தாள். அறுத்து அறுத்து உருக்குலைந்த காரைப் பார்த்தாள்.

“நாலு வருஷம்டா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் ரோடெலுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“ஒருவேளை அட்டவணைதான் சரியோ என்னவோ? புத்தகத்துல நல்லாப் பாத்தியா?” என்று நெஸ்டர் கடைசி நப்பாசையில் கேட்டான்.

ரோடெல் பையிலிருந்து பதினோரு பக்கத்தை எடுத்து நீட்டினான். சந்தேகத்துக்கே இடமில்லாமல் 2100 என்று இருந்தது. ஈயமோ இரும்போ சுமையாக ஏற்றுவதென்றால் நூறு பவுண்டுக்கு மேல் கூடாது, அதையும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்று அடுத்த வரி.

டிவினா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “இப்ப எவ்வளவு இருக்கு?”

“ஈயத்தை எடுத்துட்டா ஆயிரத்து எண்ணூத்து அறுபத்திரண்டு,” என்று நெஸ்டர் நேற்றுக் கழற்றியதையெல்லாம் கணக்குக் கூட்டிச் சொன்னான்.

“அப்ப இருநூத்து முப்பத்தெட்டு ஏத்தணும். நாளைக்குக் காலைல கிளம்பணும். நிக்காதீங்க, நடங்க!”

அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அறுத்ததை ஒட்டவைக்க முடியாது. வில்மிங்டனில் பழைய கார் உடைக்கிற மைதானத்துக்கு ஓடினார்கள். மஞ்சள் கதவு கிடைக்கவில்லை. ஒரு பச்சைக் கதவும் ஒரு சிவப்புக் கதவும் கிடைத்தன, கண்ணாடியோடு. பக்கத்து சீட்டு ஒரு கிழட்டு டாக்சியிலிருந்து வந்தது, இன்னும் சிகரெட் நாற்றம் போகாமல். ஈயம் நூறு பவுண்டை இந்தத் தடவை முன்பக்கமாக முடுக்கினார்கள். ஓட்டை போட்ட தரையில் இரும்புத் தகடு அடித்தார்கள். மைதானத்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் இன்னும் ஒன்பது பவுண்டு உதைத்தது.

“நீதான் ஏறணும்,” என்றான் நெஸ்டர் பெண்டாட்டியைப் பார்த்து.

“நானா?”

“ஓட்டறவங்களையும் சேர்த்துத்தானே நிறுக்கிறாங்க. சாப்பிடு!”

பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு ஆப்பிளோடு நிறுத்திக்கொள்கிறவள் டிவினா. அன்றைக்குப் பூண்டுச் சோறு, பன்றிக்கறித் தொக்கு, பான்சிட் நூடுல்ஸ், மறுபடியும் சோறு. ரோடெல் பக்கத்தில் நின்று பரிமாறினான். “இன்னொரு கரண்டிக்கா, பட்டத்துக்காக” என்று கெஞ்சினான். அவள் மென்றுகொண்டே அவனை முறைத்த முறைப்பை அவன் ஜன்மத்துக்கும் மறக்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தய மைதானத்தில் மூன்று நிறக் கார் இறங்கியதும் கூட்டமே திரும்பிப் பார்த்தது. தராசில் ஏற்றினார்கள். 2103! ரோடெலுக்கு உயிர் வந்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தடியன் எண்ணைப் பார்த்தான், காரைப் பார்த்தான், டிவினாவைப் பார்த்தான்.

“இவ்ளோவா?” என்றான்.

“ஆமா, இவ்ளோதான், நன்றி நன்றி,” என்று ரோடெல் காரைத் தள்ளிக்கொண்டு போனான். மைதானத்தின் கடைசிக் கோடியில், யாரும் பேச வராத மூலையில் இடம் பிடித்தான். எடை என்ற பேச்சே இன்றைக்கு யார் வாயிலும் வரக்கூடாது. எத்தனை பேர் அவன் அட்டவணையை நம்பிக் காரை அறுத்துவிட்டு வந்திருக்கிறார்களோ! அவர்களில் ஒருத்தன் கண்ணில் பட்டாலும் தோலை உரித்துவிடுவான். ஓட்டுநர்கள் எல்லாரும் கூடுகிற காலைக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அக்கா அப்போது நாலாவது தட்டில் இருந்தாள்.

“போகவேணாம்க்கா. எப்பவும் சொல்றதைத்தான் சொல்லுவாங்க. நீ சாப்பிடு.”

அடுத்து நடந்ததுதான் யாருமே எதிர்பார்க்காதது. முதல் சுற்றில் எதிராளி பச்சை விளக்குக்கு முன்னாலேயே பாய்ந்து வெளியேறினான். இரண்டாவது சுற்றில் எதிர்க் காரின் சக்கரம் பாதி வழியில் தனியாகக் கழன்று ஓடியது. மூன்றாவதில் அதிர்ஷ்டம் உதவவில்லை, டிவினாதான் உதவினாள். விளக்கு மாறுகிற கண்ணிமைக்கும் நேரத்தில் அவள் கிளம்பியதை எதிராளி புரிந்துகொள்ளுமுன் பாதித் தூரம் போய்விட்டாள். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஒவ்வொரு தடவையும் தராசில் ஏற்றினார்கள், ஒவ்வொரு தடவையும் அந்தத் தடியன் தலையைச் சொறிந்தான்.

இறுதிச் சுற்றுக்கு முன் கியெட் அவர்கள் மூலைக்கு வந்தான். ஒல்லிப் பையன், சிரித்த முகம். பச்சைக் கதவைத் தட்டிப் பார்த்தான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. எதுக்கு இத்தனை எடையைத் தூக்கிட்டு ஓடுறீங்க? உங்களுக்கு விஷயம் தெரி...”

“போய்யா போ!” என்று ரோடெல் நடுவில் பாய்ந்தான். “பந்தயத்துக்கு முன்னாடி மனசைக் கலைக்கப் பாக்கறியா? நூடுல்ஸைத் தின்னுட்டு இந்தப் பேச்சு வேறயா?”

கியெட் விழித்துக்கொண்டே போனான்.

இரண்டு கார்களும் கோட்டில் நின்றன. விளக்கு மாறியது. டிவினாதான் முதலில் கிளம்பினாள். பாதி வழி வரைக்கும் அவள்தான் முன்னால். ரோடெல் வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். அதற்குப் பிறகு அந்த இருநூறு பவுண்டு வேலையைக் காட்டியது. கியெட்டின் கார் பக்கத்தில் வந்தது, ஒட்டி வந்தது, கடைசிக் கோட்டில் ஒரு முழம் முன்னால் போனது. ஒரே ஒரு முழம்!

நெஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான். டிவினா காரை நிறுத்திவிட்டு இறங்கவேயில்லை. ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ரோடெலின் கண் வேறிடத்தில் இருந்தது. கியெட்டின் கார் தராசில் ஏறியது. எண் ஒளிர்ந்தது. 1906.

அவன் தன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். அதே எண்தான். கியெட்டும் அவன் அட்டவணையை நம்பித்தான் காரை அறுத்திருக்கிறான்!

“அக்கா!” என்று ரோடெல் மைதானத்தையே கிழித்துக்கொண்டு ஓடினான். “அக்கா, எறங்கு! நீதான் ஜெயிச்சே! அவன் நூத்துத் தொண்ணூத்து நாலு பவுண்டு குறைச்சல்! அவனைத் தள்ளிடுவாங்க! பட்டம் உனக்குத்தான்!”

டிவினா நிமிர்ந்தாள். ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் காரிலிருந்து குதித்து, தம்பியை இழுத்து அணைத்து, அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்து, மறுபடியும் அணைத்துக்கொண்டாள்.

“பாழாப்போன உன் தப்புதான்டா என்னைக் காப்பாத்துச்சு!” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

“மச்சான், ஃப்ரெஸ்னோக்காரனை வராதேன்னு சொல்லிடறேன்!” என்று நெஸ்டர் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். மூன்று நாளில் முதல்முறையாக ரோடெலுக்கு மூச்சு முழுசாக வந்தது.

ஊர்வலமாகப் போய் மைதானத்து அறிவிப்புக் கோபுரத்துக்குக் கீழே இருந்த ஆபீஸ் ஜன்னலுக்கு முன் நின்றார்கள். உள்ளே வெள்ளை முடிக் கொண்டையோடு ஒரு அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மேஜையில் ‘ஒகாபே’ என்று பெயர்ப்பலகை. அதைப் பார்த்ததும் ரோடெலுக்கு லேசாக உறுத்தியது. உறுத்தட்டும், இப்போது நியாயம் அவன் பக்கம். மாமாவின் தோளிலிருந்து இறங்கி, பதினோரு பக்கத்தை ஜன்னல் திட்டில் ஓங்கி அறைந்தான்.

“ஆட்சேபம் பதிவு பண்ணணும்! மூணாம் பக்கம், ரெண்டாவது வரி. ரெண்டாயிரத்து நூறு பவுண்டு. கியெட் கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. அவரைத் தள்ளிட்டு எங்க அக்காவுக்குப் பட்டம் குடுங்க!”

ஒகாபே அம்மாள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இது பழைய புத்தகம் தம்பி. புதன்கிழமையே மாத்தியாச்சு. ஏதோ பத்திரிகையில ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு தப்பாப் போட்டுட்டாங்க. அதை நம்பி பதினாறு பேரும் காரை அறுத்துட்டாங்க. எல்லாரையும் தள்ளிட்டா அப்புறம் நானும் அந்தத் தராசுக்காரனுமா ஓடறது? அதனால ஆயிரத்துத் தொள்ளாயிரமே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம். நாங்க நினைச்ச நேரத்துல மாத்துவோம், போன்ல சொல்லுவோம்னு அதே அட்டவணையில கடைசி வரிசையில போட்டிருந்துச்சே, பாக்கலையா?”

ரோடெல் பதினோரு பக்கத்தைத் திட்டிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டான். பின்னாலிருந்து டிவினா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தாள்.

“எனக்கு யாரும் போன் பண்ணலையேம்மா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! உங்களுக்குத்தான் நாலு தடவை அடிச்சேன். எப்ப அடிச்சாலும் ஒரு பீட்சா கடைக்காரன் எடுத்து காளான் இல்ல, சீஸ் இல்லங்கறான்,” என்று ஒகாபே அம்மாள் கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டு ரோடெலை உற்றுப் பார்த்தாள். “அச்சு அசல் இந்தத் தம்பி குரல்!”